இடது கண்ணில் இரண்டு சொட்டு

ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர்கள் நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஈப்போ நகரில் கூடிச் சாப்பிடுவோம். யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று பேசிக்கொண்டே மூன்று வகை இனிப்புகளை முடிப்போம். இந்த ஆண்டு இன்னும் வேலையில் இருக்கிற இளம்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கோகிலா. அவசரப் பிரிவில் வேலை.

"அங்கிள், இப்பல்லாம் யூரின்ல ஒரு ஸ்ட்ரிப்ப முக்குனா அஞ்சு நிமிசத்துல என்னா போதைன்னு சொல்லிரும். ஒங்க காலத்துல என்னா செஞ்சீங்க?"

"பூனைய வச்சு பாத்தோம்."

"வெளையாடாதீங்க லா அங்கிள்."

"பூன ஒத்துக்கல. அதனால என்னைய வச்சே பாத்தாங்க."

கோகிலா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். முழுக்கதையையும் கேட்டு முடித்ததும், "இத எழுதிக் குடுங்க, எங்க பேட்ச் பிள்ளைங்க படிக்கணும்" என்றாள். எழுதுகிறேன். இதில் நான் பெரிய ஆள் என்று தெரியவரும் இடம் ஏதாவது வந்தால், அது என் கைப்பிழை என்று கொள்ளவும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் மூன்று ஆண்டுகள் பயிற்சி. கட்டுப் போட்டேன், ஊசி போட்டேன், திட்டு வாங்கினேன். அவ்வளவுதான். மறக்காமல் நிற்பது ஒரு வெள்ளைக்காரப் பையன். கேமரன் மலையில் திரிந்துகொண்டிருந்தவனைத் அடிவாரத்துத் தாப்பா ஊர் வழியாக இறக்கிக் கொண்டுவந்தார்கள். நீளத் தலைமுடி, கழுத்தில் மணிமாலை. எல்.எஸ்.டி. தடவிய தபால்தலை அளவுக் காகிதத்தை நாக்கில் வைத்திருந்தான். என் சட்டைப் பொத்தான்கள் மூச்சு விடுவதாகச் சொன்னான். நான் குனிந்து பொத்தான்களைப் பார்த்தேன். "பயப்படாதே, அது நான் தின்ற காகிதத்தின் வேலை" என்று எனக்கே ஆறுதல் சொன்னான்.

அன்றைக்கு வார்டு டாக்டர் எங்களைச் சுற்றி நிறுத்திப் பாடம் எடுத்தார். மூளையில் செரொட்டோனின் என்று ஒரு தூதுப்பொருள் உண்டு. அது திறக்க வேண்டிய பூட்டில் எல்.எஸ்.டி. கள்ளச்சாவி போல நுழைந்துவிடும். சாணத்தில் முளைக்கும் சிலவகைக் காளான்களும் அதே சாதி. நிறம் கூடும், சுவர் அலையடிக்கும். ஆனால் பெரும்பாலும் இது மருந்தின் வேலை என்று ஆளுக்குத் தெரிந்திருக்கும். ஊமத்தை வேறு சாதி. அதிலுள்ள அட்ரோபினும் ஸ்கோபொலமினும் அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு தூதுப்பொருளின் சாவித்துவாரத்தையே அடைத்துவிடும். எச்சில் ஊறாது, வேர்க்காது, சிறுநீர் இறங்காது, கண்ணின் பாவை விரிந்தபடியே நிற்கும். இல்லாத மனிதர்கள் வந்து பேசுவார்கள். அவர்கள் இல்லாதவர்கள் என்று நோயாளிக்குத் தெரியவே தெரியாது. ஆளையே கொன்றுவிடக்கூடிய நஞ்சு.

கடைசியில் டாக்டர் இரண்டு துணுக்குகள் சொன்னார். ஒன்று, ஊமத்தை நஞ்சு என்று சந்தேகம் வந்தால் அந்தக் காலத்தில் நோயாளியின் சிறுநீரைப் பூனையின் கண்ணில் விடுவார்களாம். பாவை விரிந்தால் நஞ்சு. மற்றது, அதே அந்தக் காலத்து டாக்டர்கள் ஆஸ்துமாவுக்கு ஊமத்தை இலைப் புகையை இழுக்கச் சொல்வார்களாம். மூன்றாண்டுப் படிப்பில் என் தலையில் ஒட்டியது இந்த இரண்டும்தான். இரண்டாவது துணுக்கால் ஒரு மனிதரைக் கவிழ்த்தேன். முதலாவதால் நிமிர்த்தப் பார்த்தேன்.

பயிற்சி முடிந்து தாப்பாவிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பன்னிரண்டு கட்டில், ஒரு மருந்தறை, முன்னால் ஏழு மரத்தூண்கள் நிற்கும் நீள வராந்தா. மருத்துவ உதவியாளருக்குத் தோட்டத்தில் டிரெஸர் என்று பேர். பெரிய டிரெஸர் மிஸ்டர் கதிர்வேலு. சின்ன டிரெஸர் நான், சேவியர்.

கதிர்வேலு சார் கஞ்சி போட்ட வெள்ளை அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை வெள்ளைக் காலுறையும் போடுவார். ஒவ்வொரு நோயாளிக்கு முன்னும் பின்னும் கை கழுவுவார், முழங்கை வரை. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும், மரியாதை ஏறும். "சேவியர், நீ" என்றால் வீட்டுக்கு நிம்மதியாகப் போகலாம். "மிஸ்டர் சேவியர், நீங்க" என்றால் வீட்டுக்குப் போவதே சந்தேகம்.

நோயாளிப் புத்தகத்தில் அவர் தானே ஸ்கேல் வைத்து மூன்று பத்தி கிழித்திருந்தார். பார்த்தது, கேட்டது, நினைத்தது. முதல் பத்தியில் நம் கண்ணும் கையும் அறிந்தது. இரண்டாவதில் நோயாளியும் வீட்டாரும் சொன்னது, யார் சொன்னார் என்ற பெயரோடு. மூன்றாவதில்தான் நம் கருத்து. என் பக்கங்களில் மூன்றாவது பத்தி நிரம்பி விளிம்பில் வழியும். முதல் பத்தியில் "காய்ச்சல்" என்று ஒரு சொல் தனியாக நிற்கும்.

"மொத ரெண்டும் காலியா இருந்தா பேனாவ மூடு சேவியர்" என்பார். "ஒன் நெனப்புக்கு இங்க கட்டில் கெடையாது."

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் தாப்பாவுக்குப் போயிருந்தார். நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. சுப்பையா வந்தார். பால்மரம் வெட்டுபவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர், நாற்பத்தைந்து வயது, பழைய ஆஸ்துமாக்காரர்.

"ஐயா, ரெண்டு நாளா ஒரே இழுப்பு. அந்த வெள்ள மாத்திர குடுங்க."

வெள்ளை மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. வெள்ளிக்கிழமைதான் வரும். "வெள்ளிக்கிழமை வாங்க" என்று இரண்டே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் நாற்காலி சும்மா இருக்க விடவில்லை.

"மாத்திர என்னா மாத்திர! அந்தக் காலத்துல பெரிய பெரிய டாக்டருங்களே இழுப்புக்கு ஊமத்த எலப் பொகையத்தான் இழுக்கச் சொன்னாங்க. தெரியுமா? அப்பேர்ப்பட்ட மருந்து நம்ம கோயிலுக்குப் பின்னால சும்மா மொளச்சுக் கெடக்கு."

"அப்படியா ஐயா!" என்றார் சுப்பையா. என் அறிவில் அவருக்கு மிகுந்த வியப்பு. எனக்கும்தான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான்கு பேர் சேர்ந்து அவரைக் கொண்டுவந்தார்கள். விட்டதும் வராந்தாவில் முதல் தூணுக்குப் போய் வெட்ட ஆரம்பித்தார். கையில் கத்தி கிடையாது. ஆனால் வெட்டு அத்தனை சுத்தம். சாய்த்து இழுத்தார், பட்டையைத் தட்டிவிட்டார், பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை, அதுவும் இல்லாததுதான், தூணில் பொருத்தி, பால் இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு அடுத்த தூண். ஏழாவது முடிந்ததும் மறுபடி முதல் தூண்.

"அண்ணே, இது என் நெறை, என் மரவரிச. நீ எதுக்கு இதுல வெட்டுற?" என்று வெறுங்காற்றிடம் சண்டை போட்டார். அண்ணன் மாரிமுத்து பல ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கேயே காலமானவர். தோட்டம் முழுக்கத் தெரிந்த கதை அது.

நடுநடுவே மரத்தை எண்ணினார். "ரெண்டாயிரத்து நூத்தி பதினாலு... பதினஞ்சு..." வராந்தாவுக்குக் கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. "சாமி வந்திருக்கு லா. நம்பர் சொல்லுது, எழுது எழுது!" ஒருவர் உள்ளங்கையில் எழுதினார். நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கல் ஞாயிற்றுக்கிழமை.

கதிர்வேலு சார் கை கழுவிவிட்டு வந்தார். நாடி பார்த்தார். அக்குளில் கை வைத்தார், சூடு, துளி ஈரம் இல்லை. நாக்கை நீட்டச் சொன்னார், மணல்தாள் போல இருந்தது. டார்ச்சைக் கண்ணில் அடித்தார். பாவை சுருங்கவே இல்லை.

நான் பார்த்த கணமே தெரிந்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை நான் சொன்ன ஊமத்தை.

"என்னம்மா சாப்பிட்டாரு?" என்று சுப்பையாவின் மனைவி ராசம்மாவைக் கேட்டார் சார்.

"கோப்பி, ரொட்டி."

"வேற?"

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"சேவியர், நீ என்னா நெனைக்கிற?"

"நான் ஒண்ணும் நெனைக்கல சார்."

என் பணிக்காலத்தில் மூன்றாவது பத்தி காலியாக இருந்த முதல் நாள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நோயாளியை விட்டுவிட்டு எனக்கு நாடி பார்ப்பாரோ என்று பயந்தேன்.

அதற்குள் தோட்டத்துத் துரை ஜீப்பில் வந்திறங்கினார். வெள்ளைக்காரர் போய் நம்மூர்க்காரர் வந்த பிறகும் மேனேஜருக்குத் துரை என்றுதான் பேர். தூண் வெட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவன் அண்ணனும் இப்படித்தானே? பரம்பர வியாதி. ரெண்டு மணிக்கு வேன் எடுக்கச் சொல்லிட்டேன். தஞ்சோங் ரம்புத்தானுக்கு ஃபாரம் எழுதிருங்க மிஸ்டர் கதிர்வேலு. செக்ரோல்ல பேர வெட்டிரலாம்."

செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் இல்லாதவருக்கு லயத்து வரிசை வீடுகளில் இடம் இல்லை. ராசம்மாவுக்குக் கால் முறிந்ததிலிருந்து பெயர் இல்லை. மூன்று பிள்ளைகள், மூத்தவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒரு தலைமுறையில் ஒருவர் அங்கே போனதையே அந்தக் குடும்பம் இன்னும் சுமந்துகொண்டிருந்தது.

ஜீப் போனதும் சார் சொன்னார்: "கண்ணு விஷம்ங்குது. பொஞ்சாதி இல்லங்குது. விஷம்னு எழுதுனா ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி. இல்லாட்டி அந்த எடம். எழுத எனக்கு ஒரு ஆதாரம் வேணும் சேவியர்."

ஆதாரம் அவர் முன்னால்தான் வெள்ளைக் கோட்டு போட்டு நின்றுகொண்டிருந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் தப்பிக்க நான் ஒரு பூனையைப் பிடிக்கக் கிளம்பினேன்.

"சார், ஈப்போவுல ஒரு டெஸ்ட் சொல்லிக் குடுத்தாங்க!"

சுப்பையாவுக்குச் சிறுநீர் இறங்காமல் அடிவயிறு உப்பியிருந்தது. சார் ரப்பர் குழாயைக் கொதிநீரிலிருந்து இடுக்கியால் எடுத்து, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் இறக்கினார். வடிதாளில் வடிகட்டிச் சுத்தமான குப்பியில் கொஞ்சம் எடுத்து வைத்தார். லயத்துப் பூனைகள் யார் கைக்கும் சிக்காதவை. தூக்க விடுகிற பூனை துரை பங்களாவில் மட்டும்தான் இருந்தது. குப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். சமையல்கார ஆரோக்கியம் அக்கா கோழி கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பூனைய ஒரு ரெண்டு மணி நேரம் குடுங்க."

"என்னாத்துக்கு?"

"கண்ணுல ரெண்டு சொட்டு விடணும்."

"அதுக்கு கண்ணு நல்லாத்தான இருக்கு. என்னா சொட்டு?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என்னிடமிருந்த பொய் இருப்பு எல்லாம் வேறு இடத்தில் செலவாகிக்கொண்டிருந்தது.

"சுப்பையாண்ணே மூத்திரம்."

ஆரோக்கியம் அக்கா கோழியோடு எழுந்தார். நான் ஜன்னல் விளிம்பில் படுத்திருந்த பூனையை அள்ளிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுவதே பெருமைதான், ஆறு அடி வைத்தேன். ஏழாவது அடிக்குள் பூனை என் முன்கையில் தன் கருத்தை நான்கு கோடுகளாக எழுதிவிட்டுக் கூரைக்குப் போய்விட்டது.

பதினொன்றரைக்கு ரத்தம் வடிய ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். சார் என் கையைப் பார்த்தார், வெறும் மடியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"பூன?"

"மாட்டேன்னுருச்சு சார்."

சுப்பையா எட்டாவது சுற்றோ ஒன்பதாவதோ வெட்டிக்கொண்டிருந்தார். மேசையில் பாதி எழுதிய ஃபாரம். நான் மருந்தறையில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்து, சொட்டுக் குழாயை எடுத்தேன். வலது கண் மருந்துப் புட்டி படிக்க வேண்டும் என்பதால் இடது கண்.

"என்னடா செய்யிற?" சார் என்னை 'டா' போட்டது அந்த ஒரே தடவைதான்.

"பூனைக்கு இருக்கற உரிம எனக்கு இல்ல சார்."

இரண்டு சொட்டு. எரிச்சலைப் பற்றி விரிவாக எழுதக் கோகிலா கேட்டாள், மறுக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சார் வந்து இரண்டு கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்து, 'பார்த்தது' பத்தியில் நேரம் போட்டு எழுதினார். பன்னிரண்டே முக்காலுக்கு என் இடது பாவை கறுப்புப் பொத்தான் மாதிரி விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றது. சுவரில் இருந்த நாள்காட்டி அந்தக் கண்ணுக்கு வெறும் மஞ்சள் கறை. வலது கண் வழக்கம்போல.

"விஷந்தான்" என்றார் சார். அவர் குரலில் சந்தோஷம் கேட்டதும் நான் தப்பித்துவிட்டதாகவே நினைத்தேன். குற்றவாளி கையால் நிரூபணம், யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை.

சார் தொலைபேசியில் தோட்டங்களைச் சுற்றிவரும் டாக்டரைப் பிடித்துவிட்டார். பேசிக்கொண்டே வந்தவர் நடுவில் ரிசீவரைக் கையால் மூடினார்.

"என்னா செடி, எவ்வளவு, எத்தன மணிக்கு? டாக்டர் கேக்குறாரு. தெரிஞ்சாத்தான் ஈப்போவுல விஷமுறிவு ஊசி தயாரா வைக்கச் சொல்ல முடியும். இல்லாட்டி தஞ்சோங் ரம்புத்தானுக்கே அனுப்பிருன்றாரு. ராசம்மா, சொல்லும்மா."

ராசம்மா சாரைப் பார்க்கவில்லை. என் வலது கண்ணில் அவள் தெளிவாகத் தெரிந்தாள், இடது கண்ணில் கலங்கலாகத் தெரிந்தாள். இரண்டிலும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊமத்த, சார்" என்றேன். "இழுப்புக்கு நல்லதுன்னு செவ்வாக்கெழம நாந்தான் சொன்னேன். பொகைன்னு சொன்னேன். இழுங்கன்னு சொல்லல. வேணாம்னும் சொல்லல."

உடனே ராசம்மா மடை திறந்தாள். "பொகையா இழுத்தா காத்தோட போயிரும், கோப்பியில அவிச்சா உள்ள தங்கும்னு நான்தான்யா அவிச்சுக் குடுத்தேன். காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்குப் போறதுக்கு முன்ன. ஒரு கைப்பிடி எல."

சார் அதை அப்படியே தொலைபேசியில் சொன்னார். ரிசீவரை வைத்தபின் கேட்டார்: "இத ஏம்மா பத்து மணிக்கே சொல்லல?"

"நான் சொன்னா, புருசனக் காப்பாத்த கத கட்டுறான்னு துரை சொல்வாரு. அண்ணன் கதையத்தான் நம்புவாங்க. டிரெஸர் ஐயா சொன்னா பொஸ்தகத்துல ஏறும்." என் பக்கம் கையைக் காட்டினாள். "அவரு சொல்லுவாரு சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவரு பூன புடிக்கப் போயிட்டாரு."

சார் சிரிக்கவில்லை. ஃபாரத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு வேறொன்று எழுதினார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி, பொது வார்டு, தாவர நஞ்சு. வேன் புறப்பட்டது. துரைக்குத் தகவல் போனது, பேரை வெட்டுவது நின்றது. பிறகு கை கழுவினார், முழங்கை வரை, வழக்கத்தைவிட நேரம் எடுத்து.

"மிஸ்டர் சேவியர்" என்றார் மிகத் தணிந்த குரலில், "நீங்க இங்க வந்து உக்காருங்க."

புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். இரண்டாவது பத்தியில் நானே எழுதினேன்: "ஆஸ்துமாவுக்கு நல்லது என்று நோயாளியிடம் சொன்னவர்: சேவியர், சின்ன டிரெஸர்." கையெழுத்தும் போட்டேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். ஆனால் சார் கொடுத்த தண்டனை தனி. அன்று மாலைக்குள் எல்லா லயத்துக்கும் நடந்துபோய், ஒவ்வொரு வாசலிலும் நின்று, நான் சொன்னது தப்பு, அது நஞ்சு என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும்.

மூன்று மணி வெயில். விரிந்த பாவைக்குள் வெயில் ஊசி மாதிரி இறங்கியது. இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணீர் வழிய, வாசல் வாசலாக நின்றேன்.

"யக்கா, சின்ன டிரெஸர் கண்ணடிக்கிறாரு!"

"இல்லக்கா, நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"கண்ணடிச்சுட்டு மன்னிப்பு வேறயா?"

மூன்றாவது லயத்தில் உள்ளங்கையில் நம்பர் எழுதியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் ஐயா, ஞாயித்துக்கெழம வரைக்கும் அவர விட்டு வச்சிருந்தா என்னா கொறஞ்சு போயிருக்கும்? முழுசா ஒரு நம்பர் வாங்கியிருப்போம்ல!" இரண்டாயிரத்து நூற்றுப் பதினைந்து அந்த வாரம் வரவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்ல முடிவது எப்படி என்று யாரும் கேட்க வேண்டாம்.

சுப்பையா மூன்றாம் நாள் தெளிந்தார், ஐந்தாம் நாள் திரும்பினார். அடுத்த வாரம் இழுப்போடு மருந்தறைக்கு வந்தார். என்னோடு ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வெள்ளை மாத்திரை வந்திருந்தது. நான் புட்டியைத் திறக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, ஒண்ணு கேக்கவா? எங்க அண்ணன் வந்தாரு. நல்லா பாத்தேன். பக்கத்து மரத்துல நின்னாரு. அது நெசமா, பொய்யா?"

"அது வந்து சுப்பையாண்ணே," நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன், "மூளையில அசிட்டைல்கோலின்னு ஒண்ணு இருக்கு. ஊமத்த என்னா செய்யும்னா..."

அவர் கையை உயர்த்தினார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. பேசாம மருந்த மட்டும் குடுங்க."

பன்னிரண்டு மாத்திரை எண்ணினேன். காகிதத்தில் மடித்தேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்பதைக்கூட வாயால் சொல்லவில்லை, மேலே எழுதி அவர் கையில் கொடுத்தேன்.